கை விறைப்பு கழுத்திலிருந்தும் வரலாம்: முண்ணாண் நெருக்கமும் சத்திரசிகிச்சையும்

கை விறைக்கிறது என்ற பேச்சு கேட்காத தமிழ் வீடு பலெர்மோவில் குறைவு. விடிய எழும்பிக் கட்டடத்துப் படி கழுவி, மத்தியானம் இன்னொரு வீட்டில் உடுப்பு மினுக்கி, இரவில் வயோதிபர் ஒருவரைத் தூக்கிப் படுக்கவைக்கும் ஒருவருக்குக் கை விறைக்காமல் வேறு என்ன செய்யும் என்று நாமும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். வேலைக் களைப்பு, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது, நீரிழிவு ஆகியவைதான் கை விறைப்புக்கு வழமையான காரணங்கள். ஆனால் சிலருக்குக் கையில் எந்தக் குறையும் இருப்பதில்லை. கழுத்துக்குள் முண்ணாண் நசுங்கிக்கொண்டிருக்கும். இந்த வருத்தத்தில் நாட்களை வீணாக்கினால் இழந்ததைத் திரும்பப் பெறுவது கடினம். அதனால் இம்முறை நலவாழ்வுப் பக்கத்தை இதற்கே ஒதுக்கியுள்ளோம்.

முண்ணாண் என்பது மூளையிலிருந்து இறங்கி முள்ளந்தண்டின் நடுவே ஓடும் நரம்புக் கயிறு. கழுத்துப் பகுதியில் அது ஏறக்குறைய எமது சின்ன விரல் தடிப்பு இருக்கும். கைக்கும் காலுக்கும் மூளை அனுப்பும் கட்டளைகள், கை கால்களிலிருந்து மூளைக்குப் போகும் உணர்ச்சிகள், சிறுநீர் மலத்தை அடக்கும் ஆற்றல் என எல்லாமே இதன் வழியாகத்தான் போகவேண்டும். கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து அதற்கு ஒரு குழாய் போன்ற பாதையை அமைத்துக் கொடுக்கின்றன. இப்பாதை முன்பின்னாகப் பொதுவாக 17 மில்லிமீற்றர் அளவு இருக்கும். 13 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஒடுக்கமான பாதை என்பார்கள். சிலர் பிறக்கும்போதே ஒடுக்கமான பாதையோடு பிறக்கிறார்கள். நாற்பது வயது வரை அது அவர்களுக்குத் தெரியவும் வராது.

வயது போகப்போக எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டத்தட்டுகள் நீர் வற்றித் தட்டையாகிப் பின்பக்கம் பிதுங்குகின்றன. அதை ஈடுகட்ட எலும்பின் ஓரங்களில் முள்போல் புது எலும்பு வளர்கிறது. எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்களும் தடித்து உள்ளே மடிகின்றன. சிலருக்கு அந்த நாரே எலும்பாக இறுகிவிடும். இவ்வகை யப்பானியரிடம் அதிகம் காணப்பட்டதால் அங்கேதான் மிகவும் ஆராயப்பட்டது. ஆனாலும் தெற்காசியரிடமும் உண்டு, நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவை எல்லாம் சேர்ந்து முண்ணாணை முன்னும் பின்னும் நெருக்கும். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு முண்ணாண் பழுதடைவதற்கு உலகளவில் மிகப் பொதுவான காரணம் இந்தத் தேய்வு நெருக்கம்தான். இத்தாலிய வைத்தியர்கள் இதை 'மியெலோபத்தீயா செர்விக்காலே' என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியர் கழுத்து நோ, தோள் இறுக்கம், தலைச்சுற்று என எது வந்தாலும் 'ஓ லா செர்விக்காலே' என்றுதான் சொல்வார்கள். எம்மவரும் அதைப் பழகிவிட்டார்கள். ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனால் அவர் காதில் அது சாதாரண கழுத்துப் பிடிப்பாகத்தான் விழும். ஒரு பூச்சு மருந்தும் நோக் குளிசையும் எழுதித் தருவார், அவரையும் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கும் பொருள் நழுவி விழுகிறது என்றால் அதையே சொல்லுங்கள்: 'மி காதோனோ லே கோஸே தாலே மானி.' நடை தள்ளாடுகிறது என்றால் 'நொன் ஸோனோ ஸ்தாபிலே குவாந்தோ கம்மீனோ' என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வசனங்களும் வைத்தியரின் யோசனையை வேறு பக்கம் திருப்பும்.

இவ்வருத்தத்தின் மிகப்பெரிய ஏமாற்று என்னவென்றால் பலருக்கு நோவே இருப்பதில்லை. நோ இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். முதலில் கைவிரல்களின் நுணுக்கம் போகிறது. சட்டைப் பொத்தான் பூட்ட நேரம் எடுக்கும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. தாலிக்கொடியின் கொளுவியைத் தானே பூட்டமுடியாமல் மகளைக் கூப்பிடவேண்டி வரும். சோறும் கறியும் குழைத்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகையில் விரல் இடுக்கால் சிந்தும். கையெழுத்து மாறிப்போகும், வங்கியில் கையொப்பம் ஒத்துவரவில்லை என்பார்கள். கைத்தொலைபேசியில் எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்து விழும். வயது போகிறது, கண் தெரியவில்லை, கவனம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் எம்மிடம் உண்டு.

அடுத்தது கால். கால் பாரமாக, மரக்கட்டைபோல் விறைத்து, நிலத்தில் பஞ்சு மெத்தை போட்டு நடப்பதுபோல் இருக்கும். இருட்டில் நடக்கும்போதும், முகம் கழுவும்போது கண்ணை மூடினாலும் தள்ளும். படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கும், கைபிடியைப் பிடிக்காமல் இறங்க மனம் வராது. பலெர்மோவின் பழைய நகரப் பகுதியில், லிப்ட் இல்லாத நாலாம் மாடி வீடுகளில் வசிக்கும் எம்மவர் இதைக் கவனிக்க நல்ல வாய்ப்பு உண்டு. சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு இல்லாமல் நாம் எல்லோரும் மொந்தே பெல்லகிரீனோ மலைக்குச் சாந்தா ரொசலியா அன்னையிடம் நடந்து போகிறோம். போனவருடம் ஏறி இறங்கியவர் இந்த வருடம் இறங்கும்போது ஒருவரின் தோளைப் பிடிக்கவேண்டி வந்தால், அது முழங்கால் தேய்வாகவும் இருக்கலாம், கழுத்தாகவும் இருக்கலாம். முழங்கால் என்றால் நோகும். கழுத்து என்றால் நோகாமலே கால் சொல்வழி கேட்காது.

சிலருக்குத் தலையைக் குனிந்தவுடன் முதுகு வழியே மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு அதிர்வு ஓடும். சிறுநீர் வந்தால் அடக்கமுடியாத அவசரம், அல்லது கழிக்கத் தொடங்கவே தாமதம், இவை பிற்பட்ட அறிகுறிகள். பெண்கள் இதைப் பிள்ளைப்பேற்றின் விளைவு என்றும் ஆண்கள் புறொஸ்டேட் என்றும் எண்ணி வெளியே சொல்வதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கையை முன்னே நீட்டி, விரல்களை முற்றாக மடக்கி முற்றாக விரிக்கவேண்டும். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, 10 விநாடி. சுகமான ஒருவரால் 20 தடவையோ அதற்கு மேலோ செய்யமுடியும். அதற்கு நன்றாகக் குறைந்தால், அல்லது விரல்கள் விரியும்போது ஒன்றன்பின் ஒன்றாகத் தயங்கி விரிந்தால், வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்தி அது. யப்பானிய வைத்தியர்கள் 1980களில் வகுத்த சோதனை இது. கை மூட்டு வாதம் உள்ளவருக்கும் எண்ணிக்கை குறையும் என்பதால் இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. வைத்தியர் நடுவிரல் நுனியைச் சுண்டிப் பார்ப்பார், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பார், ஒரே கோட்டில் குதிக்கால் நுனியைத் தொட நடக்கச் சொல்வார்.

இது எவ்வளவு தவறவிடப்படுகிறது என்பதற்கு 2013இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று சான்று. சத்திரசிகிச்சைக்கு வந்த 42 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டுபிடிக்கப்படும்வரை சராசரியாக இரண்டு வருடத்திற்கு மேல் போயிருந்தது. அவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல், மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் வருத்தம் என்று முதலில் சொல்லப்பட்டவர்கள். எம்மவரில் கைக்குச் சத்திரசிகிச்சை செய்தும் விறைப்பு மாறவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு கையும் விறைத்து, அத்தோடு நடையும் மாறியிருந்தால் மணிக்கட்டோடு நிறுத்திவிடாமல் கழுத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். இரண்டு வருத்தமும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

எமக்கு மட்டுமல்ல, நாம் பார்க்கும் முதியவர்களுக்கும் இது பொருந்தும். எத்தனையோ தமிழ்ப் பெண்களும் ஆண்களும் இந்நகரில் நோன்னாவையும் நோன்னோவையும் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கைபிடித்து நடத்துகிறார்கள். தூர நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைவிட, பக்கத்தில் இருக்கும் எமக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். கரண்டி பிடிக்கத் தெரிந்த கை திடீரென நழுவவிட்டால், ஆறு மாதத்தில் மூன்று தரம் விழுந்தால், வயோதிபம் என்று விடாமல் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள். இன்னொன்றும் முக்கியம். கழுத்துப் பாதை ஒடுக்கமான ஒரு முதியவர் முகம் குப்புற விழுந்தால் எலும்பு முறியாமலேயே முண்ணாண் அடிபடலாம். கால் ஓரளவு அசையும், கைதான் கூடுதலாகச் செயலிழக்கும். அப்படி விழுந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கழுத்தைத் தடவக் கூடாது. அசைக்காமல் 112க்கு அழைக்கவேண்டும்.

இனிப் பரிசோதனை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், முண்ணாண் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கான்தான் வேண்டும், இங்கே 'றிசொனான்சா' என்பார்கள். நார் எலும்பாகியிருக்கிறதா என்று பார்க்கச் சி.ரி. ஸ்கானும் சிலவேளை எடுப்பார்கள். ஒன்றை இங்கே சொல்லவேண்டும்: நாற்பதைத் தாண்டிய பலரின் ஸ்கானில் தேய்வும் வட்டத்தட்டுப் பிதுக்கமும் தெரியும், அவர்களுக்கு எந்த வருத்தமும் இருக்காது. 'எர்னியா' என்ற சொல்லை அறிக்கையில் கண்டவுடன் பதறவேண்டாம். முண்ணாண் அமுக்கப்பட்டிருக்கிறதா, அதற்குள் நிற மாற்றம் தெரிகிறதா, அது உடம்பில் காணும் அறிகுறிகளோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

பலெர்மோவில் இதற்கு வழி என்ன? தெசெரா சனித்தாரியாவுடன் குடும்ப வைத்தியரிடம் போய், நிபுணரைப் பார்க்கவும் றிசொனான்சா எடுக்கவும் இம்பெஞ்ஞாத்தீவா எழுதுவிக்கவேண்டும். அதில் ஒரு சிறு எழுத்து இருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. யூ என்றால் 72 மணித்தியாலத்துக்குள், பி என்றால் 10 நாளுக்குள், டி என்றால் நிபுணரைப் பார்க்க 30 நாள், பரிசோதனைக்கு 60 நாள். பீ எழுத்து என்றால் 120 நாள் வரை போகலாம். கை நழுவுவதும் நடை தள்ளாடுவதும் வைத்தியருக்குச் சரியாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்த எழுத்து மாறக்கூடும். முன்பதிவு நிலையமான கூப்பில் குறித்த காலத்துக்குள் திகதி இல்லை என்று சொன்னால், ரிக்கெற் பணத்தை மட்டும் கட்டி வேறு வழியில் அதே பரிசோதனையைச் செய்துதரும்படி எழுத்தில் கேட்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. பத்துறொனாத்தோ அலுவலகங்கள் இந்தக் கடிதத்தை எழுத உதவும். வருமானம் குறைந்தவர்கள் ரிக்கெற் விலக்கு உண்டா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

சிவிக்கோ, பொலிகிளினிக்கோ, வில்லா சோபியா ஆகிய பொது வைத்தியசாலைகளில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. பொதுச் சுகாதார சேவையில் பதிந்தவருக்கு வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. காத்திருப்போர் பட்டியலிலும் தரம் உண்டு: ஏ தரம் 30 நாள், பி தரம் 60 நாள், சி தரம் 180 நாள். எந்தத் தரத்தில் எமது பெயர் ஏறியிருக்கிறது என்று கேட்பது எமது உரிமை. கால் கை திடீரென வலுவிழந்தால், சிறுநீர் நின்றுபோனால் பட்டியல் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேரே பிறொந்தோ சொக்கோர்சோவுக்குப் போகவேண்டும்.

நிபுணரைச் சந்திக்கப் போகும்போது பதினொரு வயது மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். அம்மா நடக்கமாட்டாமல் போகலாம் என்ற வசனத்தை ஒரு பிள்ளை தன் வாயால் மொழிபெயர்க்க நேர்வது கொடுமை. பிள்ளை பாதியை விழுங்கிவிடவும் கூடும். வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது 'மெதியாத்தோரே கூல்த்துராலே' கிடைப்பாரா என்று வைத்தியசாலையில் முன்கூட்டியே கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 219ஆம் இலக்கச் சட்டப்படி, நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி அவர் சம்மதத்தைப் பெறாமல் சத்திரசிகிச்சை செய்யக் கூடாது. விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டியதில்லை.

எமது சமூகத்தில் இதற்குப் பின்தான் உண்மையான தடை. கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்ற பேச்சு. இந்தப் பயத்திற்கு ஒரு காரணமும் இருக்கிறது. தாமதமாக, கிட்டத்தட்ட நடக்க முடியாத நிலையில் சத்திரசிகிச்சைக்குப் போனவர் பிறகும் நடக்காமல் இருந்தால், ஊர் அதைக் கத்தியின் குற்றம் என்று பேசும், போன காலத்தின் குற்றம் என்று பேசாது. இந்தச் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் பழுதாகாமல் நிறுத்துவது. முண்ணாணுக்குள் செத்துப்போன நரம்புகளை உயிர்ப்பிக்கும் கத்தி இல்லை. நசுங்கியும் சாகாமல் இருப்பவற்றுக்கு இடம் கொடுத்தால் அவை மீளும். எவ்வளவு மீளும் என்பது பெரும்பாலும் எவ்வளவு காலம் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது.

2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில் 278 பேரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். இலேசாக, நடுத்தரமாக, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மூன்று பிரிவினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. மறுபக்கம், சத்திரசிகிச்சை செய்யாமல் விட்டவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் நூற்றுக்கு 20 முதல் 60 பேர்வரை மோசமாகிறார்கள். மோசமாவதும் ஒரே சீராக நடப்பதில்லை. மாதக்கணக்காக அப்படியே இருந்துவிட்டு, ஒருநாள் ஒரு படி இறங்கும். அந்த அமைதியான மாதங்கள்தான் எம்மை ஏமாற்றுகின்றன. நடுத்தர, கடும் நிலையில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று 2017இல் பன்னாட்டு நிபுணர்கள் வழிகாட்டி வெளியிட்டார்கள். இலேசான நிலையில் உடனே செய்யலாம், அல்லது கண்காணிப்போடு கூடிய பயிற்சிச் சிகிச்சையில் இருந்து பார்க்கலாம், மோசமானால் செய்யவேண்டும் என்கிறது அது. இங்கே கண்காணிப்பு என்பது குறித்த தவணையில் வைத்தியர் கையையும் நடையையும் அளந்து பார்ப்பது. வீட்டில் இருந்துகொண்டு கடவுளை நினைப்பதை அவர்கள் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை இரண்டு திசையில் செய்யப்படுகிறது. முன்பக்கமாகச் செய்வது பலருக்கு வியப்பாக இருக்கும், பின்னால் இருக்கும் எலும்புக்கு ஏன் தொண்டைப் பக்கம் வெட்டவேண்டும் என்று. தொண்டைக் குழாய்களை ஒரு பக்கமும் பெரிய இரத்தக் குழாயை மறுபக்கமும் மெதுவாக ஒதுக்கினால், தசை எதையும் பெரிதாக வெட்டாமலேயே முள்ளந்தண்டின் முன்முகத்தை அடையலாம். அமெரிக்க வைத்தியர்கள் சிமித்தும் ரொபின்சனும் 1955இல் இம்முறையை அறிமுகப்படுத்தினார்கள். ஹவாயில் கிளவார்ட் 1958இல் தமது முறையை வெளியிட்டார். பிதுங்கிய தட்டையும் எலும்பு முட்களையும் அகற்றி, அந்த இடத்தில் ஒரு எலும்புத் துண்டையோ சிறு கூட்டையோ வைத்து, பெரும்பாலும் மேலே ஒரு உலோகத் தகடு பூட்டுவார்கள். காலப்போக்கில் இரு எலும்புகளும் ஒன்றாக ஒட்டிவிடும். கழுத்து மடிப்பிலேயே வெட்டுவதால் தழும்பும் பெரிதாகத் தெரியாது.

பல மட்டங்களில் நெருக்கம் இருந்தால், அல்லது பின்பக்கத்திலிருந்து நெருக்கினால், பிடரி வழியாகப் போவார்கள். பாதையின் பின்சுவராக இருக்கும் எலும்புக் கூரையை அகற்றி, தேவையானால் திருகாணியும் கம்பியும் பூட்டுவது ஒரு வழி. கூரையை முற்றாக அகற்றாமல் ஒரு பக்கத்தைப் பிணைச்சலாக வைத்துக் கதவுபோல் திறந்துவிடுவது இன்னொரு வழி. யப்பானியர் 1970களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்த முறை அது. எது நல்லது என்று உறவினரிடம் கேட்டுப் பயனில்லை. 163 பேரை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தின் பின் நோயாளிகளின் உடல் இயக்கத்தில் முன்பக்க முறைக்கும் பின்பக்க முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே யாருக்கு எது என்பது அவரவர் கழுத்தின் வளைவையும் நெருக்கத்தின் இடத்தையும் பொறுத்தது.

ஆபத்து இல்லையா? உண்டு, மறைக்கவேண்டியதில்லை. முன்பக்க முறையில் விழுங்குவது சில வாரங்களுக்குச் சிரமமாக இருப்பது மிகச் சாதாரணம். முதல் நாட்களில் கஞ்சி, குழைவான சோறு, சூப் என்று போகவேண்டும். குரல் கம்மலாம், பெரும்பாலும் திரும்பும். சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் தோளைத் தூக்க முடியாமல் போகும், அதுவும் பலருக்கு மாதக்கணக்கில் மீண்டுவிடும். கிருமித் தொற்று, இரத்தக் கட்டு, எலும்பு ஒட்டாமல் போவது, வருடங்கள் கழித்துப் பக்கத்து மட்டம் தேய்வது ஆகியனவும் உள்ளன. முண்ணாணே பழுதாவது அரிது, ஆனால் இல்லை என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது நன்றாகவே குறையும். திகதி கிடைத்த நாளிலேயே சிகரெட்டை விடவேண்டும். இரத்தத்தை இளக்கும் குளிசை, ஊரிலிருந்து வந்த சூரணம், கசாயம் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும்.

எண்ணெய் பூசுவதைப் பற்றிக் கேட்பீர்கள். தோள் தசை இறுக்கத்துக்குச் சூடான எண்ணெய் சுகம் தரும், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் முண்ணாண் நெருக்கம் உள்ள கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதும், சலூனில் தலைமயிர் வெட்டியபின் 'டக்' என்று சுளுக்கு எடுப்பதும், தெரியாதவர் கையால் இழுப்பதும் வேண்டவே வேண்டாம்.

ஊருக்கோ இந்தியாவுக்கோ போய்ச் செய்வோமா என்பது அடுத்த கேள்வி. மொழி விளங்கும், சொந்தம் பக்கத்தில் இருக்கும் என்பது நியாயமே. திறமைக்கும் குறைவில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில்தான் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். உலோகத் தகடு பூட்டாமல் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்துக் கழுத்துச் சத்திரசிகிச்சை செய்வதில் வேலூர் வைத்தியர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே முழுச் செலவும் கைப்பணம். நீண்ட விமானப் பயணம் இரண்டு தரம். திரும்பி வந்தபின் புண் சிவந்தால், தகடு அசைந்தால், செய்த வைத்தியர் பக்கத்தில் இல்லை. விடுமுறை வரும்வரை தள்ளிப்போடுவதும் நடக்கும், இவ்வருத்தத்தில் அதுதான் பெரிய செலவு. போகத்தான் வேண்டும் என்றால் றிசொனான்சா இறுவட்டையும், திரும்பும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பையும் பூட்டிய உலோகத்தின் விபரத்தையும் எழுத்தில் கொண்டு வாருங்கள்.

வேலை போய்விடும் என்ற பயம் கத்திப் பயத்தைவிடப் பெரிது. வீட்டுப் பணியாளர்களுக்கு நோய்க் காலத்தில் இன்ப்ஸ் பணம் தருவதில்லை, வீட்டுக்காரரே ஒப்பந்தப்படி சில நாட்களுக்குத்தான் சம்பளம் தரவேண்டும். வேலையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் சம்பளத்தோடு 15 நாள். ஆனால் வேலையிடம் 180 நாள்வரை பாதுகாக்கப்படும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் என்றால் 45 நாள், அதற்குக் குறைவென்றால் 10 நாள் மாத்திரம். கறுப்பில் வேலை செய்பவருக்கு இதுவும் கையில் வராது. ஒப்பந்தம் எழுதுங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்பே பத்துறொனாத்தோவில் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பதிலாக உறவினர் ஒருவர் சில மாதங்கள் அந்த வீட்டில் நிற்பதற்கு முன்கூட்டியே பேசிவைப்பதும் எம்மவர் செய்துவரும் நல்ல ஏற்பாடு.

சத்திரசிகிச்சை பொதுவாகச் சில மணித்தியாலம் எடுக்கும். பெரும்பாலும் அடுத்த நாளே எழுப்பி நடக்கவைப்பார்கள், சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கழுத்துப் பட்டி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை, போடச் சொன்னால் சொன்ன காலம் மட்டும் போடவேண்டும். இலேசான வேலைக்குத் திரும்ப ஆறு வாரம் முதல் மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள். ஆள் தூக்குவது, வாளி சுமப்பது, அலமாரி தள்ளுவது எல்லாம் எலும்பு ஒட்டியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து வைத்தியர் சொன்ன பிறகுதான். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தெரியும். நடையைவிட விரல் நுணுக்கம் மெதுவாகத் திரும்பலாம். பயறு பொறுக்குவது, மா குழைப்பது, பூ கட்டுவது எல்லாம் நல்ல கைப்பயிற்சி, பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்யலாம்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டு நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு என்று பலவற்றுக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுபவர்களுக்குப் பலெர்மோவிலேயே வில்லா தெல்லே ஜினெஸ்திரே என்ற முண்ணாண் நோயாளர்க்கான நிலையம் இருக்கிறது. அங்கே சேர்வதற்கான விண்ணப்பத்தை, சத்திரசிகிச்சை செய்த பிரிவே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் தொடங்கலாம். ஆகவே வெளியேறும் தாளில் கையொப்பம் வைக்கும் நாளிலேயே அதைப் பற்றிக் கேளுங்கள். வீடு வந்தபின் குடும்ப வைத்தியர் ஊடாகக் கேட்டால் நாட்கள் கூடுதலாக எடுக்கும்.